மொழியின் மேல் ஏறும் பழி: ஜெர்மன் மொழியும் குற்றப் பொறுப்பும்

ஒரு மொழி நல்லதாகவோ தீயதாகவோ இருக்க முடியுமா என்ற கேள்வி, மனிதச் செயல்களின் நன்மை தீமைகளை ஆராயும் அறவியலில் நேரடியாகக் கேட்கப்படுவது அரிது. ஆனால் ஜெர்மன் மொழியைப் பொறுத்தவரை அது கடந்த நூறாண்டுகளாக ஓயாமல் எழுந்துகொண்டே இருக்கிறது. அம்மொழியைப் பற்றி வெளியுலகம் நெடுங்காலமாக இரண்டு கருத்துகளை ஒருசேர வைத்திருந்தது. அது கரடுமுரடானது, அதட்டுவதற்கும் ஆணையிடுவதற்கும் ஏற்றது என்பது ஒன்று. அது ஆழமானது, மெய்ப்பொருளைச் சிந்திப்பதற்கென்றே அமைந்தது என்பது மற்றொன்று. 1945க்குப் பிறகு இவற்றோடு மூன்றாவது கருத்து ஒன்றும் சேர்ந்தது: ஏறத்தாழ அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றொழிக்கும் திட்டம் எந்த மொழியில் தீட்டப்பட்டதோ, எந்த மொழியில் ஆணையாகவும் அறிக்கையாகவும் கணக்காகவும் எழுதப்பட்டதோ, அந்த மொழிக்கே அக்குற்றத்தில் பங்குண்டு என்பதுதான் அது. பழிப்பும் புகழ்ச்சியும் குற்றச்சாட்டுமாகிய இம்மூன்றும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோல் தோன்றினாலும், பேசுகிற மனிதரை விட்டுவிட்டுப் பேசப்படும் மொழிக்கே ஒரு குணத்தையும் விருப்பத்தையும் ஏற்றிச் சொல்வதில் மூன்றும் ஒன்றுபடுகின்றன. அந்த அடிப்படையே ஆராயப்பட வேண்டியது.

முதலில், காதுக்குக் கேட்கும் கரடுமுரடு. பாக் என்ற இசைமேதையின் பெயரின் இறுதியில் தொண்டையை உரசி வரும் ஒலி, உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் குரல்வளை ஒரு கணம் அடைத்துத் திறப்பது, சொல்லின் கடைசி மெய் வல்லொலியாக இறுகுவது ஆகியவை அம்மொழியில் உண்மையாகவே உள்ளன. ஆயினும் தொண்டை உரசும் ஒலி டச்சு மொழியிலும் அரபியிலும் இருக்கிறது. அவற்றைக் கேட்பவர் எல்லாருக்கும் இராணுவ அணிவகுப்பு நினைவுக்கு வருவதில்லை. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரெடெரிக், தம் குடிகளின் மொழியைப் பற்றி 1780இல் ஒரு நூல் எழுதியபோது அதைப் பிரெஞ்சில்தான் எழுதினார். ஜெர்மனைப் பாதி நாகரிகமற்ற மொழியாகக் கருதிய அவர், அதன் வினைச்சொற்களின் ஈற்றில் ஓர் அகரத்தைச் சேர்த்தால் செவிக்கு இனிமை கிடைக்கும் என்று முன்மொழிந்தார். சரியாக நூறாண்டு கழித்து, 1880இல், அம்மொழியின் இலக்கணத்தைக் கேலி செய்து புகழ்பெற்ற கட்டுரையை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், நேர்மாறான குறை ஒன்றைக் கண்டார்: போர், இடி, வெடிப்பு போன்ற பேரோசைகளைக் குறிக்கும் ஜெர்மன் சொற்கள் ஆங்கிலச் சொற்களோடு ஒப்பிட வலுவற்று மென்மையாக ஒலிக்கின்றன என்பதும், இல்லறத்தையும் அன்பையும் இயற்கையின் அமைதியையும் சொல்லும் சொற்களில் அம்மொழி மிகவும் வளமானது என்பதும் அவர் முடிவு. ஷூபர்ட் அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்தது இம்மொழியில்தான் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். ஆக, ட்வைனின் காதுக்கு மென்மையாகக் கேட்ட ஒலிகள், வானொலியிலும் செய்திப்படங்களிலும் ஹிட்லரின் கூச்சலைக் கேட்ட ஒரு தலைமுறைக்குப் பின் வன்மையாகக் கேட்கத் தொடங்கின. ஒலி மாறவில்லை, அதனோடு சேர்ந்து நினைவுக்கு வருவது மாறிவிட்டது. சமூக மொழியியலர் ஹோவர்ட் கைல்ஸும் அவருடைய சகாக்களும் 1974இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. ஏதென்ஸ் நகரத்துக் கிரேக்கம் உயர்ந்தது, கிரீட் தீவின் கிரேக்கம் தாழ்ந்தது என்பது கிரேக்கர்களிடையே நிலவிய மதிப்பீடு. கிரேக்கமே அறியாத பிரிட்டிஷ் மக்களிடம் இரண்டையும் கேட்கச் செய்தபோது, ஒன்றை மற்றொன்றைவிட இனிமையானதாக அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. இனிமையும் கடுமையும் பெரும்பாலும் கேட்பவர் கொண்டுவருபவை.

இந்த ஏற்றிச்சொல்லல் வெறும் ரசனையாக நின்றுவிடுவதும் இல்லை. முதலாம் உலகப்போரின்போது, நாஜிகள் என்ற பெயரே உலகில் இல்லாத காலத்தில், அமெரிக்காவின் அயோவா மாநில ஆளுநர் வில்லியம் ஹார்டிங் 1918 மே மாதம் ஓர் ஆணை பிறப்பித்தார். பள்ளியிலும் பொது இடத்திலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது, தேவாலயத்திலும் கூடாது, ஆங்கிலம் விளங்காதவர்கள் வீட்டிலேயே வழிபட்டுக்கொள்ளலாம் என்றது அது. எல்லா அயல்மொழிகளையும் தழுவிய அந்த ஆணையின் முதன்மை இலக்கு ஜெர்மனே. அண்டை மாநிலமான நெப்ராஸ்கா 1919இல் இயற்றிய சட்டத்தின்கீழ், லூதரன் திருச்சபைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் ராபர்ட் மேயர், பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் மொழியில் விவிலியக் கதைகளைப் படிக்கக் கற்பித்ததற்காக 25 டாலர் அபராதத்துக்கு உள்ளானார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1923இல் அந்நீதிமன்றம், தாம் விரும்பும் கல்வியைப் பிள்ளைகளுக்கு அளிக்கும் பெற்றோரின் சுதந்திரத்தையும் ஆசிரியரின் தொழில் சுதந்திரத்தையும் எடுத்துக்காட்டி அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. பெர்லினில் இருந்த ஓர் அரசின் போருக்காக ஒரு சிற்றூர்ப் பிள்ளையின் மறைக்கல்வி தண்டிக்கப்பட்டது; மொழிக்குக் குற்றம் உண்டென்று கொண்டால் அதன் தண்டனை யார்மேல் விழும் என்பதற்கு இந்நிகழ்ச்சியே போதிய விடை.

ஆழம் என்ற புகழ்ச்சிக்கும் இதே சோதனையைப் பொருத்திப் பார்க்க வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த டொமினிக்கன் துறவி மைஸ்டர் எக்ஹார்ட், பெரும்பாலும் இலத்தீனிலேயே பேசப்பட்டுவந்த இறைமையின் தன்மை, ஆன்மாவின் அடித்தளம், பற்றறுதல் ஆகிய பொருள்களைக் கன்னியர் மடங்களிலும் பொதுமக்கள் நடுவிலும் ஜெர்மனில் போதித்தார். அதற்காக அம்மொழியின் பின்னொட்டுகளைக் கொண்டு புதிய பண்புப்பெயர்களை அவரும் அவர் வழிவந்த அனுபூதியாளர்களும் ஆக்கினர். அவர் இறந்தபின், 1329இல், அவருடைய 28 கூற்றுகளைத் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் கண்டித்து ஆணை வெளியிட்டபோது, அவை பாமர மக்கள் முன் போதிக்கப்பட்டன என்பதும் குறையாகச் சுட்டப்பட்டது. பின்னர் சமயச் சீர்திருத்தவாதி லூதர் புதிய ஏற்பாட்டை 1522இலும் முழு விவிலியத்தை 1534இலும் ஜெர்மனில் வெளியிட்டு, வீட்டுத் தாயும் தெருப் பிள்ளையும் சந்தை மனிதரும் பேசும் பேச்சை மறைமொழியின் தகுதிக்கு உயர்த்தினார். இத்தனைக்குப் பிறகும், பதினேழாம் நூற்றாண்டில் லைப்னிட்ஸ் தம் தாய்மொழியை மதிப்பிட்டபோது, சுரங்கம், வேட்டை, கைத்தொழில் போன்று புலன்களுக்கு எட்டும் பொருள்களில் அது நிறைந்த சொல்வளம் உடையது என்றும், உள்ளத்து இயக்கங்களையும் அருவமான கருத்துகளையும் சொல்ல அதற்குச் சொல் போதவில்லை என்றும் எழுதினார். அவரே தம் தத்துவத்தைப் பெரும்பாலும் இலத்தீனிலும் பிரெஞ்சிலும் எழுதினார். அந்தக் குறையைத் திட்டமிட்டு நிரப்பியவர் ஹாலே பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் வோல்ஃப். 1713இல் அளவை நூலையும், அதாவது தருக்க நூலையும், 1720இல் மெய்ப்பொருளியல் நூலையும் ஜெர்மனில் எழுதி, பின்வந்த கான்ட் முதலியோர் எடுத்தாண்ட கலைச்சொற்களில் பலவற்றை அவர் நிலைப்படுத்தினார். தத்துவத்தை ஜெர்மன் பேசக் கற்பிக்க முயல்வதாக ஹெகல் 1805இல் ஒரு கடிதத்தில் எழுதினார். கற்பிக்க வேண்டியிருந்தது என்பதே, அது பிறவியிலேயே அம்மொழியில் இருக்கவில்லை என்பதற்குச் சான்று. இன்று ஜெர்மன் மொழியின் இயல்பான ஆழம் என்று போற்றப்படுவது, ஐந்நூறாண்டுக் காலம் துறவியரும் மொழிபெயர்ப்பாளரும் பேராசிரியரும் செய்த உழைப்பின் பயன். அந்த உழைப்பை மொழியின் இரத்தத்தில் கண்டுவிட்டால் உழைத்தவர் மறைந்துபோகின்றனர்.

அவ்வாறு மறைத்தவர்களில் முதன்மையானவர் தத்துவ அறிஞர் ஃபிக்டே. நெப்போலியனின் படைகள் பெர்லினைப் பிடித்திருந்த 1807–08 குளிர்காலத்தில் அவர் ஜெர்மன் தேசத்துக்கு ஆற்றிய சொற்பொழிவுகளில், ஜெர்மன் தன் வேரிலிருந்து அறுபடாத உயிருள்ள மொழி, இலத்தீனிலிருந்து பிறந்த பிரெஞ்சு முதலியவை மேலே அசைந்தாலும் வேரில் இறந்தவை, ஆகவே ஜெர்மன் பேசும் மக்களுக்கே மெய்யான சிந்தனை வாய்த்திருக்கிறது என்ற வாதத்தை வைத்தார். தோற்றுப்போன ஒரு மக்களுக்கு அது ஆறுதல் தந்தது என்பதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் ஒரு மொழியின் இலக்கண வரலாற்றிலிருந்து ஒரு மக்களின் உலகக் கடமையை வருவிக்கும் அந்தப் பாதை எவ்வளவு ஆபத்தானது என்பது நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகே முழுமையாகத் தெரிந்தது. 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்து ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்ற தத்துவ அறிஞர் ஹைடெக்கர், கிரேக்கமும் ஜெர்மனுமே சிந்தனைக்கு ஆற்றல்மிக்க மொழிகள் என்று 1935இன் விரிவுரைகளில் கூறினார். பேரழிவுக்குப் பின்னும் அதைக் கைவிடாமல், 1966இல் அளித்து 1976இல் தம் மறைவுக்குப் பின் வெளியான நேர்காணலில், பிரெஞ்சுக்காரரும் சிந்திக்கத் தொடங்கினால் ஜெர்மனில்தான் பேசுகின்றனர் என்று உறுதிப்படுத்தினார். இக்கூற்றுக்கு மறுப்பைத் தேடி வேறு மொழிக்குப் போக வேண்டியதில்லை. அன்றாட மொழியின் மயக்கங்களிலிருந்து சிந்தனையை விடுவிக்கக் குறியீட்டு மொழி ஒன்றை 1879இல் அமைத்த ஃப்ரேகெயும், சொல்ல முடிவதன் எல்லையை வகுக்க முயன்ற விட்கென்ஸ்டைனும், இன்மையைப் பற்றிய ஹைடெக்கரின் வாக்கியங்களே பொருளற்றவை என்று 1930களின் தொடக்கத்தில் வாதிட்ட கார்னாப்பும் எழுதியது ஜெர்மனில்தான். ஒரே மொழி மெய்ப்பொருளியலையும் அதன் கடுமையான மறுப்பையும் ஒரே தலைமுறையில் தாங்கியது என்றால், அம்மொழி எந்தப் பக்கமும் சாயவில்லை என்பதே பொருள்.

1935ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பார்த்தாலே இது தெளிவாகும். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று, யூதர்களின் குடியுரிமையைப் பறித்து அவர்களுக்கும் பிறருக்கும் இடையிலான திருமணத்தைக் குற்றமாக்கிய நியூரம்பெர்க் சட்டங்கள் இயற்றப்பட்டன. அதே ஆண்டின் கோடையில்தான் ஹைடெக்கரின் மேற்சொன்ன விரிவுரைகள் நிகழ்ந்தன. அதே ஆண்டில், ஆப்பிரிக்காவின் லம்பரேனேயில் மருத்துவமனை நடத்திவந்த இறையியலாளர் ஆல்பர்ட் ஷ்வைட்சர், இந்தியச் சிந்தனையாளர்களின் உலகநோக்கைப் பற்றிய தம் நூலை ஜெர்மனில் வெளியிட்டார். உலகை மறுக்காமல் ஏற்று, அன்பைச் செயலறமாக்கும் நூலென்று திருக்குறளை அவர் அதில் உயர்வாகப் போற்றினார். குறள் ஜெர்மனுக்குப் புதியதாக இருக்கவில்லை. தரங்கம்பாடி மறைப்பணியின் மரபைத் தொடர்ந்த லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் 1856இலேயே அதை மொழிபெயர்த்து வெளியிட்டிருந்தார். இனத்தின் பெயரால் மனிதரை விலக்கிய சட்டமும், மொழியின் பெயரால் சிந்தனையை ஒரு மக்களுக்கு உரிமையாக்கிய விரிவுரையும், தொலைதூரத்து அறநூல் ஒன்றின் முன் தலைவணங்கிய ஆய்வும் ஒரே இலக்கணத்தில், பெரும்பாலும் ஒரே சொல்வளத்தில், ஒரே ஆண்டில் எழுதப்பட்டவை.

இனி, எல்லாவற்றிலும் கனமான மூன்றாவது கருத்து. அதற்கு வலுவான சான்றளித்தவர் விக்டர் க்ளெம்பெரர். யூதக் குடும்பத்தில் பிறந்து புராட்டஸ்டண்ட் மதத்துக்கு மாறிய அவர், டிரெஸ்டன் நகரில் பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியராக இருந்தார். பதவியும் வீடும் நூலக உரிமையும் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்ட ஆண்டுகளில், யூதரல்லாத மனைவி உடனிருந்ததாலேயே நாடுகடத்தலுக்குத் தப்பி, தம்மைச் சுற்றிப் பேசப்பட்ட மொழியை இரகசியமாகக் குறித்துவந்தார். அக்குறிப்புகளிலிருந்து உருவாகி 1947இல் வெளிவந்த நூலின் மையமான கண்டுபிடிப்பு, நாஜி ஆட்சி புதுச்சொற்களை ஆக்கியதைவிட இருந்த சொற்களின் மதிப்பைப் புரட்டியதே அதிகம் என்பதாகும். வெறித்தனம் என்ற வசைச்சொல் வீரத்துக்கும் பற்றுக்கும் உரிய புகழ்ச்சொல்லானது. கொலை, சிறப்பு நடத்துமுறை என்ற அலுவலகத் தொடரானது. கொலைக்களத்துக்கு அனுப்புவது கிழக்கே குடிபெயர்த்தல் என்றானது. இன்னும் துயரமானது, இச்சொற்களை ஆட்சியாளரோடு ஆட்சியை வெறுத்தவரும், ஏன், ஆட்சியால் வதைக்கப்பட்ட யூதரும்கூடத் தம்மை அறியாமல் பேசத் தொடங்கினர் என்று அவர் பதிவு செய்திருப்பது. மனிதர் மொழியை ஆள்வதோடு மொழியும் மனிதரை ஆள்கிறது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சியம் கிடைப்பது கடினம்.

இதிலிருந்து ஒரு படி மேலே சென்றவர் ஜார்ஜ் ஸ்டெய்னர். வியன்னாவிலிருந்து வந்த யூதப் பெற்றோருக்குப் பாரிஸில் பிறந்த இந்தத் திறனாய்வாளர், 1959இல் எழுதிய கட்டுரையில், நாஜிகளின் கொடுமைகளில் ஜெர்மன் மொழி குற்றமற்றதன்று என்றும், அம்மொழி பொய்யையும் கொடூரத்தையும் அளவுக்கு மீறி உள்வாங்கியதால் உயிர்ப்பை இழந்துவிட்டது என்றும், போருக்குப் பிந்தைய பொருளாதாரச் செழிப்பு அந்தச் சாவை மறைக்கிறது என்றும் வாதிட்டார். இந்த வாதத்தின் துயரத்தை மதிக்க வேண்டும். அதன் தருக்கத்தை ஏற்க இயலாது. மொழி பிறக்கிறது, நோயுறுகிறது, நஞ்சேறுகிறது, இறக்கிறது என்று பேசும்போது அது ஓர் உயிரியாகக் கருதப்படுகிறது. மொழியை உயிரியாகக் காணும் இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியச் சிந்தனையில் ஊறிய பார்வை அது. யேனா பல்கலைக்கழக மொழியியலர் ஆகுஸ்ட் ஷ்லைக்கர் 1863இல் மொழிகளை இயற்கை உயிரிகள் என்றே அறிவித்தார். ஃபிக்டேயின் பெருமிதமும் வேர், உயிர், இறப்பு என்ற இதே உருவகங்களின்மேல் எழுந்ததுதான். அன்று ஜெர்மனுக்கு உயிரைத் தந்து பிறமொழிகளுக்குச் சாவைத் தந்த அதே சிந்தனை, ஸ்டெய்னரின் கையில் ஜெர்மனுக்குச் சாவைத் தருகிறது. தற்புகழ்ச்சியை மறுக்கும் ஒருவர் அதன் அடித்தளத்தையும் மறுக்காவிட்டால், எதிர்த்தவரின் தத்துவத்தையே தலைகீழாக ஏற்றுக்கொண்டவர் ஆகிவிடுகிறார்.

குற்றம் என்பதன் பொருளை வகைப்படுத்தினால் இது மேலும் தெளிவாகும். மனைவி யூதராக இருந்ததால் தத்துவப் பேராசிரியர் பதவியை இழந்த கார்ல் யாஸ்பர்ஸ், போர் முடிந்த குளிர்காலத்தில் ஹைடெல்பெர்க்கில் ஆற்றிய விரிவுரைகளை 1946இல் நூலாக்கினார். குற்றத்தை நான்காகப் பிரித்தது அந்நூலின் கொடை. சட்டத்தை மீறியவரின் குற்றம் முதலாவது. அதை நீதிமன்றம் விசாரிக்கும். ஓர் அரசின் செயலுக்கு அதன் குடிகள் அனைவரும் ஏற்க வேண்டிய அரசியல் பொறுப்பு இரண்டாவது; அது தனிப்பட்ட தீச்செயலைச் சார்ந்ததன்று. தன் செயலுக்கும் தன் மௌனத்துக்கும் மனச்சாட்சியின் முன் விடை சொல்ல வேண்டிய அறக்குற்றம் மூன்றாவது. மனிதருக்கு மனிதர் என்ற முறையில் உள்ள ஒருமைப்பாடு முறிந்தபோது உயிரோடு எஞ்சியதாலேயே உண்டாகும், கடவுள் ஒருவரே தீர்ப்பளிக்கத்தக்க மெய்ப்பொருளியல் குற்றம் நான்காவது. இவற்றில் முதலாவதும் மூன்றாவதும் நான்காவதும், வேறுவிதமாகச் செய்திருக்கக்கூடிய அல்லது குறைந்தது வேறுவிதமாக இருந்திருக்கக்கூடிய ஒரு மனச்சாட்சி இல்லாமல் பொருள்படா. மொழிக்கு மனச்சாட்சி இல்லை. ஆகவே அதற்குக் குற்றமும் இல்லை, அதே காரணத்தால் புண்ணியமும் இல்லை. ஆனால் இரண்டாவது வகை சிந்தனைக்கு ஒரு வழி திறக்கிறது. 1950இல் பிறந்த ஜெர்மானியர் ஒருவர் எந்தக் குற்றமும் செய்யாதவர். ஆயினும் தம் அரசு கொடுக்க வேண்டிய ஈட்டில் அவருக்குப் பங்குண்டு. அதுபோலவே, அவர் பேசும் மொழியில் சில சொற்கள் எதற்குப் பயன்பட்டன என்பதை அறிந்து, அவற்றை எடுப்பதா விடுப்பதா என்று ஒவ்வொரு முறையும் தீர்மானிக்கும் கடமையும் அவருக்குப் பிறப்புரிமையோடு வந்து சேர்கிறது. மரபுச்சொத்தை ஏற்பவர் அதன் கடனையும் ஏற்பதைப் போன்றது இது. பொறுப்பு மொழியில் இல்லை, மொழியை உரிமையாகப் பெற்றவரிடம் இருக்கிறது. க்ளெம்பெரர் கண்ட உண்மையையும் காப்பாற்றி ஸ்டெய்னரின் பிழையையும் தவிர்க்க இந்த வேறுபாடே உதவும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. எந்த வினையையும் பெயராக்கிவிடும் எளிமையும், செய்தவரைச் சொல்லாமலே செயலைச் சொல்ல இடம்தரும் செயப்பாட்டு வாக்கியங்களும், ஒன்றோடொன்று கோத்து நீளும் தொகைச்சொற்களும் ஜெர்மனில் இருப்பதால், கொலையை அலுவலகக் கோப்பாக மாற்ற அம்மொழி தனியாக வசதி செய்தது என்பார் உளர். பிரெஞ்சின் வரலாறு இதற்கு விடை. தெளிவற்றது எதுவும் பிரெஞ்சாகாது என்று பிரெஞ்சு எழுத்தாளர் ரிவரோல் பெர்லின் கலைக்கழகத்தின் பரிசுக்கு எழுதி 1784இல் பரிசும் பெற்றார். தெளிவுக்குப் பேர்போன அந்த மொழியில்தான், 1954 முதல் 1962 வரை அல்ஜீரியாவில் நிகழ்ந்த போர், ஒழுங்கு காக்கும் நடவடிக்கை என்று அலுவல்முறையில் அழைக்கப்பட்டது. போர் என்று சட்டத்தில் சொல்லப்பட 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த மொழியும் மறைக்க உதவும், எந்த மொழியும் வெளிப்படுத்தவும் உதவும். யூதர்களின் நாடுகடத்தல்களை ஒழுங்கு செய்த அடால்ஃப் ஐக்மன் மீதான விசாரணை 1961இல் ஜெருசலேமில் நடந்தபோது, அலுவலக மொழி ஒன்றுதான் தமக்குத் தெரியும் என்ற பொருளில் அவர் பேசினார். அவர் எதிரே இருந்த மூன்று நீதிபதிகளும் ஜெர்மன் அறிந்தவர்கள். எபிரேய மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் சில வேளைகளில் அவரிடம் ஜெர்மனிலேயே நேரடியாகக் கேள்வி கேட்டனர். செயலுக்குச் செய்தவர் உண்டு என்பதை வலியுறுத்தும் கேள்வியும், அதை மறைக்கும் விடையும் ஒரே மொழியில் எதிர்ப்பட்டன.

அதே ஆண்டில், அதே நகரில், ஜெர்மன் மொழியைப் பொறுத்தவரை மற்றொன்றும் நிறைவேறியது. யூதச் சிந்தனையாளர்களான மார்ட்டின் பூபரும் ஃப்ரான்ஸ் ரோசன்ஸ்வைக்கும் 1925இல் எபிரேய விவிலியத்தை ஜெர்மனில் ஆக்கத் தொடங்கினர். லூதர் மூலத்தை ஜெர்மானியரின் வாய்க்குப் பழக்கமாக்கினார் என்றால், இவர்கள் ஜெர்மனை எபிரேயத்தின் மூச்சுக்குப் பழக்க முயன்றனர். வாசகத்தை ஒரு மூச்சில் சொல்லத்தக்க அடிகளாகப் பிரித்து, மூலத்தில் திரும்பத் திரும்ப வரும் வேர்ச்சொற்களை அதே ஒலித்தொடர்போடு கொணர்ந்தனர். உடல் முழுதும் செயலிழந்த நிலையிலும் பணியாற்றிய ரோசன்ஸ்வைக் 1929இல் இறந்தார். 1938இல் ஜெர்மனியை விட்டு ஜெருசலேம் சென்ற பூபர் 1961இல் அதை முடித்தார். அந்நிறைவைக் கொண்டாடக் கூடிய கூட்டத்தில், யூத அனுபூதி மரபின் பேரறிஞரான கெர்ஷோம் ஷோலெம் பேசினார்: இம்மொழிபெயர்ப்பு தொடங்கியபோது யூதர்கள் ஜெர்மன் மொழிக்கு விட்டுச்செல்லும் விருந்தினர் பரிசாக இருந்தது, இன்றோ சொல்லொணாக் கொடுமையில் அணைந்துபோன ஓர் உறவின் கல்லறைக் கல்லாகிவிட்டது என்ற கருத்தை அவர் முன்வைத்தார். யாருக்காக எழுதப்பட்டதோ அந்த வாசகர்கள் இப்போது இல்லை என்பது அவருடைய துயரம். ஷோலெம் மொழியைக் குற்றவாளியாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்பவர் இல்லாமற்போனது பற்றியே அவர் பேசினார். மறைநூலின் மொழி என்பது கேட்பவர் இருக்கும்போதே மறைமொழியாகிறது என்ற ஆழ்ந்த இறையியல் உணர்வு அதில் இருக்கிறது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பேசிய இத்திஷ், இடைக்கால ஜெர்மனிலிருந்து கிளைத்து எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட மொழி என்பதையும் சேர்த்து எண்ணினால், ஜெர்மன் தன் உடன்பிறந்த மொழியின் வாயையே அடைக்கப் பயன்படுத்தப்பட்டது என்பது விளங்கும்.

லூதரையும் இங்கே மீண்டும் நினைக்க வேண்டியிருக்கிறது. 1534இல் முழு விவிலியத்தை ஜெர்மானியருக்குத் தந்த அதே கை, 1543இல் யூதர்களின் தொழுகைக்கூடங்களை எரிக்கவும் வீடுகளை இடிக்கவும் அறிவுறுத்தும் நூலை அதே மொழியில் எழுதியது. ஒரு மனிதரின் மனத்துக்குள்ளேயே, ஒன்பது ஆண்டு இடைவெளியில், ஒரே மொழி அருளுக்கும் வெறுப்புக்கும் வாயிலாயிற்று. இதை மொழியின்மேல் சுமத்துவது, கிறிஸ்தவ இறையியல் பாவம் என்று எதைச் சொல்கிறதோ அதை, அதாவது நன்மையை அறிந்தும் விலகும் மனித விருப்பத்தை, இலக்கணத்தின் மறைவில் ஒளித்துவைப்பதாகும்.

மொழி குற்றமற்றது என்பதற்காக, பாதிக்கப்பட்டவர் அதைக் கேட்டுக் கூசுவது தவறென்று சொல்லிவிட முடியாது. யூதச் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1964இன் தொலைக்காட்சி நேர்காணலில், எல்லாம் போன பின்னும் தமக்குத் தாய்மொழி எஞ்சியது என்றும், பித்துப் பிடித்தது ஜெர்மன் மொழிக்கு அன்று என்றும் கருத்துரைத்தார். ஆனால் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து மீண்ட ழான் அமெரிக்கு அந்த ஆறுதல் கிட்டவில்லை. ஆஸ்திரியரான அவர், பிரஸ்ஸல்ஸில் மறைந்து வாழ்ந்தபோது கதவைத் தட்டிய நாஜி எஸ்.எஸ். படையினன் ஒருவன் தம் சொந்த ஊர்ப்பக்கத்துப் பேச்சில் பேசக் கேட்டு, அதே பேச்சில் மறுமொழி சொல்லத் தமக்குள் எழுந்த தவிப்பை 1966இல் வெளிவந்த நூலில் விவரித்திருக்கிறார். வீட்டின் மொழி பகைவனின் வாயிலிருந்து வரும்போது வீடே இல்லாமற்போகிறது என்பதை அவ்வளவு துல்லியமாக வேறெவரும் காட்டவில்லை. செர்னோவிட்ஸ் நகரில் பிறந்து, பெற்றோர் இருவரையும் முகாமில் இழந்து, பாரிஸில் வாழ்ந்தபடியே ஜெர்மனில் கவிதை எழுதிய பவுல் செலான், 1958இல் பிரேமன் நகரில் பேசியபோது, இழப்புகளின் நடுவே மொழி மட்டும் இழக்கப்படாமல் எஞ்சியது என்றும், ஆனால் அது விடையற்ற மௌனத்தையும் கொலைசெய்யும் பேச்சின் இருளையும் கடந்துவர வேண்டியிருந்தது என்றும் உரைத்தார். அவருடைய பிற்காலக் கவிதைகளில் ஜெர்மன் சொற்கள் உடைக்கப்பட்டு, பிரிக்கப்பட்டு, புதிதாகக் கோக்கப்படுகின்றன. பழகிய சொல்லைப் பழகியபடி எடுக்க மறுக்கும் அந்தக் கவனமே, மேலே சொன்ன கடமையின் உச்ச வடிவம்.

அக்கடமை ஜெர்மன் இரத்தத்தோடு வருவதன்று, மொழியோடு வருவது என்பதை இன்றைய இலக்கியமும் காட்டுகிறது. 1984இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, அகதிப் பிள்ளையாக ஜெர்மனியில் வளர்ந்து, தத்துவமும் இறையியலும் பயின்ற செந்தூரன் வரதராஜா, போரிலிருந்து தப்பிய இருவரின் உரையாடலாகத் தம் முதல் நாவலை 2016இல் ஜெர்மனில் வெளியிட்டார். புகலிடம் கேட்பவரை வகைப்படுத்தி விண்ணப்பமாக்கும் அலுவலகமும், புகலிடம் தேடியவர் தம் கதையைச் சொல்லும் நாவலும் ஒரே மொழியை எடுத்தாளும்போது, சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அம்மொழிக்குள் புதிதாக வந்தவரிடமும் வந்து சேர்கிறது.

ப்ரிமோ லெவியின் வாழ்க்கையில் இக்கேள்வி வேறொரு வடிவம் கொண்டது. இத்தாலிய யூதரான அவ்வேதியியலர், ஆஷ்விட்ஸில் ஜெர்மன் விளங்காதவர்கள் ஆணை புரியாமலே விரைவில் மாண்டதைக் கண்டவர். அங்கே அவர் கற்றது முகாமின் முரட்டு ஜெர்மன். 1961இல் தம் முகாம் நினைவு நூல் ஜெர்மனில் வெளிவந்தபோது, மொழிபெயர்ப்பாளரோடு கடிதம் வழியே ஒவ்வொரு சொல்லையும் அவர் சரிபார்த்தார். முகாமில் கேட்ட பேச்சு, கேட்டபடியே அதன் சொந்த மொழிக்குத் திரும்ப வேண்டும் என்பதும், அந்நூலை யாரை நோக்கி எழுதினாரோ அந்த ஜெர்மானியரே அதைப் படிக்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம். வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்குப் பல ஆண்டுகள் மறுமொழி எழுதினார். மன்னிப்பை எளிதாக வழங்கவும் இல்லை, உரையாடலை முறிக்கவும் இல்லை. 1983இல், காஃப்காவின் விசாரணை நாவலை அவரே ஜெர்மனிலிருந்து இத்தாலியனுக்குப் பெயர்த்தார். பிராக் நகரின் யூதர் ஒருவர் ஜெர்மனில் எழுதிய, தன் குற்றம் இன்னதென்று அறியாமலே குற்றஞ்சாட்டப்பட்ட மனிதனின் கதை அது. அதை எழுதியவரின் மூன்று தங்கையரும் நாஜிகளின் ஆட்சியில் கொல்லப்பட்டனர். அப்பணி தம்மை நோயுறச் செய்ததுபோல் வருத்தியதை லெவி மறைக்கவில்லை. ஆனாலும் கடைசிப் பக்கம் வரை அதைச் செய்து முடித்தார்.